பன்னிரண்டாம் நாள் வந்த அகீரா

பைபிள்ல எண்ணாகமம் 7-ஆம் அதிகாரம், 89 வசனம். இத்தனை வருஷமும் அதைத் தள்ளிவிட்டுத்தான் போயிருக்கேன், ஒத்துக்கறேன். இன்னைக்குக் காலையில சத்தமா வாசிச்சேன்.

130 சேக்கல் (அந்தக் காலத்து எடை அளவு) நிறையில வெள்ளித்தாலம், 70 சேக்கல்ல வெள்ளிக்கலம், ரெண்டும் நிறைய எண்ணெயில் பிசைந்த மெல்லிய மாவு, அப்புறம் 10 சேக்கல் பொன் தூபகரண்டி... இஸ்ரவேலோட பன்னிரண்டு கோத்திரப் பிரபுக்களும் (தலைவர்கள்) ஆளுக்கொரு நாள் கொண்டுவந்தது அச்சு அசலா இதே காணிக்கைதான். "மற்றவர்களும் அப்படியே"ன்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாம். (நானா இருந்தா முடிச்சிருப்பேன்!)

ஆனா முதல் நாள் வந்த யூதா கோத்திரத்து நகசோனுக்கு ஆறு வசனம்னா, கடைசியா வந்த நப்தலி கோத்திரத்து அகீராவுக்கும் அதே ஆறு வசனம். தாலத்தோட எடைகூட விட்டுப்போகல. பதினோரு பேர் கொடுத்து முடிச்ச பிறகு, அதையேதான் அவரும் தூக்கிட்டு வந்தார்.

அகீராங்கற அந்தப் பேரை மட்டும் ரெண்டு தடவை வாசிச்சேன்.