கிரவுன் மோல்டிங் போடப் போகிறீர்களா?

டல்லாஸ் பக்கம் வீடு வாங்கிய நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் ஓடுமே, அந்தப் பட்டையைப் பற்றித்தான்.

பெயின்ட் அடிப்பதென்றால் பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) பூசிய எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) போதும். குளியலறைக்கு மட்டும் வேண்டாம், ஈரத்தில் ஊதிவிடும். அளவுக்கு மேல் 10 சதவீதம் கூட்டியே வாங்குங்கள்.

விஷயமே வெட்டுவதில்தான். மைட்டர் சாவில், அதாவது கோணம் திருப்பி வெட்டும் மின்ரம்பத்தில், பட்டையைத் தலைகீழாக வையுங்கள். சீலிங்கைத் தொடும் விளிம்பு கீழே மேசையில், சுவரைத் தொடும் விளிம்பு பின்னால் நிமிர்ந்து நிற்கும் தடுப்பில் (ஃபென்ஸ்). இப்படிச் சாய்த்து வைத்தால் 90 டிகிரி மூலைக்கு 45-இல் வெட்டினால் சரி. அகலமான பட்டையைப் படுக்க வைத்துத்தான் வெட்ட முடியும் என்றால், சுவரிலிருந்து 38 டிகிரி சாய்ந்து நிற்கும் பட்டைக்கு மைட்டர் (ரம்பத்தைப் பக்கவாட்டில் திருப்பும் கோணம்) 31.6 டிகிரி, பெவல் (பிளேடைச் சாய்க்கும் கோணம்) 33.9 டிகிரி.

ஆனால் எந்த வீட்டு மூலையும் சரியாக 90 இருப்பதில்லை! அதனால் உள்மூலைகளில் இரண்டு பக்கமும் 45 வெட்டிச் சேர்க்காதீர்கள். ஒரு பட்டையை நேராக வெட்டி மூலையில் முட்டவிடுங்கள். இன்னொன்றை 45-இல் வெட்டி, முகத்தில் தெரியும் வளைவுக் கோட்டை பென்சிலால் அழுத்தி வரைந்து, கோப்பிங் ரம்பத்தால் (வளைவுகளை அறுக்கும் மெல்லிய பிளேடுள்ள கைரம்பம்) அந்தக் கோட்டிலேயே அறுத்தெடுங்கள். ரம்பத்தைப் பின்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் முன்விளிம்பு மட்டும் மெலிதாக நின்று, முதல் பட்டையின் மேல் கச்சிதமாக உட்காரும். எவ்வளவு அழகு தெரியுமா அது! அப்புறம் மிச்ச இடுக்குக்கு கால்க் (இடுக்கு அடைக்கும் பசை) போதும்.

என் கராஜில் துண்டுப் பட்டைகள் நிறைய இருக்கின்றன. அறுத்துப் பழக வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.