லுக்பானில் ஏர் பிடித்தவருக்குத் திருநாள்

ஆயர், துறவி, மறைசாட்சி என்றுதான் நம் ஆலயங்களில் பெரும்பாலான சுரூபங்கள் இருக்கும். சான் இசிட்ரோ கூலிக்கு ஏர் பிடித்தவர். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் மத்ரித் பக்கம் ஒரு பண்ணையாரிடம் வேலை பார்த்தார். காலையில் பூசை கண்டுவிட்டுத்தான் வயலில் இறங்குவார். கூட வேலை செய்தவர்களே அதைப் பண்ணையாரிடம் போட்டுக்கொடுத்தார்கள். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று வந்தவர், வானதூதர்கள் இவருக்காக ஏர் ஓட்டுவதைக் கண்டார் என்பது மரபு. 1622 மார்ச் 12 அன்று புனிதர் பட்டம். நம் முத்துக்குளித்துறைக் கரையெல்லாம் நடந்த சவேரியாருக்கும் அதே நாளில்தான். சவேரியாரை நமக்குத் தெரியும். ஏர்க்காரரை அவ்வளவாகத் தெரியாது. பிலிப்பைன்ஸ் விவசாயிகளுக்கோ இவர் வீட்டு ஆள் மாதிரி.

இவர் திருநாள் மே 15. அதற்காகத்தான் அந்த நாட்டின் கெசோன் மாகாணத்து லுக்பானுக்குப் போனேன். மணிலாவிலிருந்து லுசேனா வரை பேருந்து, அங்கிருந்து ஜீப்னி எனும் ஷேர் வண்டி. பனஹாவ் மலையடிவாரத்து ஊர். மணிலா கொதிக்கும் மே மாதத்திலும் இங்கே காற்றில் ஈரம் இருக்கிறது. நெல், காய்கறி, சுற்றிலும் தென்னை. தாளிப்பனை இனத்து மரமான பூரியின் மட்டையிலிருந்து நார் உரித்துத் தொப்பி முடைவது வீட்டுத் தொழில். பூண்டு தூக்கலாகப் போட்ட பன்றித் தொத்திறைச்சியான லொங்கனீசா ஊர்ப் பெயரோடு சேர்த்தே வெளியூரில் விலைபோகிறது.

பிரான்சிஸ்கன் துறவிகள் அமைத்த பங்கு இது. ஆலயம் தூலூஸ் நகர ஆயர் புனித லூயிஸ் பெயரில். நிலநடுக்கமும் தீயும் போரும் பார்த்த கட்டடம். இப்போது நிற்பது 18-ஆம் நூற்றாண்டில் எழும்பி, இரண்டாம் உலகப்போரில் அடிபட்டு, பின்னர் சீர்செய்யப்பட்டது. விடியற்காலைப் பூசைக்கே உள்ளே இடமில்லை, வாசலில் நின்றுதான் கண்டேன்.

முன்பெல்லாம் அறுவடையைச் சுமந்துகொண்டு ஆலயத்துக்கு வருவார்களாம், பங்குத்தந்தை மந்திரித்துக் கொடுப்பார். விளைச்சல் பெருகி ஆலயம் கொள்ளாமல் போகவே, அவரவர் வீட்டு வாசலிலேயே விளைச்சலை வைக்கச் சொல்லி, சுரூபத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் அப்படித்தான். ஊர்வலம் போகும் பாதையை ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள், எல்லாத் தெருவுக்கும் முறை வரவேண்டும் என்று. இந்தத் திருவிழாவுக்குப் பெயர் பஹியாஸ். நெற்கதிர், முள்ளங்கி, பாகற்காய், புடலை, தேங்காய், தொப்பி, லொங்கனீசா என்று வீட்டு முகப்பு முழுக்கச் சம்பாத்தியம் தொங்குகிறது. தொப்பி முடைகிறவர் வீட்டில் தொப்பி, உழுகிறவர் வீட்டில் கதிர்.

எல்லா வீட்டிலும் தொங்குவது கிப்பிங். நான் தங்கிய வீட்டு நானாய் (அங்கே அம்மாவை அப்படித்தான் அழைப்பார்கள்) முந்தின இரவும் அதைச் செய்துகொண்டுதான் இருந்தார். அரிசிமாவைக் கரைத்து, சாயம் கலந்து, கழுவிய இலையின் மேல் மெல்லத் தடவி, ஆவியில் வேகவைக்கிறார்கள். ஆறி உலர்ந்ததும் உரித்தால் இலையின் நரம்பெல்லாம் அச்சாக விழுந்திருக்கும். அடுக்கி மேலே பாரம் வைத்துத் தட்டையாக்குகிறார்கள். நம் இலை வடாமேதான், பொரிக்காமல் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சரவிளக்குபோல் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நான் ஒன்றை உரித்துப் பார்த்தேன், நுனி கிழிந்தது. "விடுப்பா, அது பொரிக்க ஆகும்" என்று தனிக் கூடையில் போட்டுக்கொண்டார். நல்ல அலங்காரத்துக்கு நகராட்சி பரிசும் தருகிறது. பரிசுக்காகவே ஜோடித்த சில பெரிய வீடுகளும் உண்டு. நான் அவற்றின் முன் அதிகம் நிற்கவில்லை.

ஊர்வலம் வந்தது. ஏரோடும் காளையோடும் சான் இசிட்ரோ, கூடவே அவர் மனைவி சாந்தா மரியா. அவரும் புனிதராக வணங்கப்படுகிறவர்தான். குருவானவர் இரண்டு பக்கமும் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். நானாய் நெற்கட்டைத் தொட்டுக்கொண்டு நின்றார். ஒரு துளி கதிரில் விழுந்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்.

இந்த ஊரில் ஜெபிக்கிறவர்கள் இன்னொருவரையும் நினைக்கவேண்டும் என்பது என் எண்ணம். அப்போலினாரியோ தெ லா குரூஸ், ஹெர்மானோ பூலே என்பார்கள், லுக்பானில் பிறந்தவர். துறவியாக ஆசைப்பட்டு மணிலா போனார். அப்போது ஸ்பெயின் ஆட்சி, சுதேசி என்பதால் துறவற சபையில் சேர்க்கவில்லை. 1832-இல் தம் மக்களுக்கென்றே புனித சூசையப்பர் பெயரில் ஒரு பக்த சபை தொடங்கினார். மாதந்தோறும் 19-ஆம் தேதி கூடி ஜெபிப்பார்கள். சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஏழை விவசாயிகள். திருச்சபையும் அரசும் அங்கீகரிக்கவில்லை. 1841-இல் படை வந்தது. தயாபாஸ் அருகே பெண்கள் உட்பட நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். நவம்பர் 4 அன்று பூலேவைக் கொன்று, உடலைக் கூறுபோட்டு, தலையைப் பார்வைக்கு வைத்தார்கள். கூலிக்காரரைப் பீடத்தில் ஏற்றி இந்த ஊருக்குக் கொண்டுவந்த அதே திருச்சபைதான் இந்த ஊர்ப் பிள்ளையைத் துறவியாக்க மறுத்தது. இருந்தும் இந்த மக்கள் சான் இசிட்ரோவை விடவில்லை. ஸ்பெயின்காரர் போய் நூற்றாண்டுக்கு மேலாகியும் அவர் தெருத்தெருவாக வருகிறார்.

மதியம் 'கமாய் நி ஹெசுஸ்' குன்றுக்கும் ஏறினேன். ஏறக்குறைய 300 படிகள், உச்சியில் உயிர்த்த ஆண்டவரின் பெரிய சுரூபம். படிகளின் ஓரத்தில் சிலுவைப்பாதை. கூட்டத்தில் ஜெபிக்க முடியவில்லை. இன்னொரு நாளில் வந்தால் நன்றாயிருக்கும்.

இறங்கியதும் பன்சித் ஹப்ஹப். வாழையிலைத் துண்டில் நூடுல்ஸ் வைத்து வினிகர் ஊற்றித் தருகிறார்கள். கரண்டி கேட்காதீர்கள், இலையை வாயருகே தூக்கிச் சாப்பிடவேண்டும்.

போக நினைப்பவர்கள் தங்குமிடத்தை முன்பே பேசி வைத்து 14-ஆம் தேதியே போய்விடுங்கள். 15 காலையில் ஊருக்குள் வண்டி நகராது. ஊர்வலம் கடந்தபிறகு சில வீட்டுக்காரர்கள் அலங்காரத்திலிருந்து காயோ கிப்பிங்கோ பறித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். மந்திரிப்பதற்கு முன் மட்டும் எதிலும் கை வைக்கவேண்டாம்.