வீடியோ போக்கரில் லக்குக்கு எத்தனை நாள் ஆயுள்?

காசினோவில் மெஷினோடு தனியாகச் சீட்டாடும் சூதாட்டமான வீடியோ போக்கரில் லக் இருந்தால் நீண்ட காலம் ஜெயித்துக்கொண்டே இருக்க முடியுமா என்று யாராவது கேட்டால், கொஞ்சம் கணக்குத் தெரிந்தவர்கள் உடனே "முடியவே முடியாது, கடைசியில் காசினோதான் ஜெயிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தப்பான பதில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடைசி எப்போது வரும் என்று அவர்கள் சொல்வதே இல்லை, எனக்கோ அதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. பத்தாயிரம் ஆட்டத்திலா, பத்து லட்சம் ஆட்டத்திலா? வாரத்துக்கு ஒரு நாள் சாயங்காலம் மட்டும் ஆடுகிறவருக்கு அது வருவதற்குள் வயதே ஆகிவிடுமா? இதற்கெல்லாம் கணக்கில் விடை இருக்கிறது, பெரிய படிப்பும் தேவையில்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மெஷின்களுக்கு அந்த விடை எவ்வளவு வேறுபடுகிறது என்பதைத்தான் இங்கே எழுத நினைத்தேன்.

முதலில், காசினோ தன் பங்கை எங்கே எடுக்கிறது என்று பார்த்துவிடலாம். பலர் நினைப்பதுபோல் சீட்டைக் கலைப்பதில் இல்லை. அமெரிக்காவின் நெவாடா மாநில விதிப்படி, நிஜச் சீட்டு ஆட்டத்தைப் போல் காட்டும் மெஷினில் ஒவ்வொரு சீட்டும் வருவதற்கான வாய்ப்பு நிஜமான 52 சீட்டுக் கட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். அதாவது அங்கே மெஷின் உங்களுக்கு ஏஸ் வராமல் தடுக்க முடியாது. அது செய்வதெல்லாம், ஜெயித்த கைக்கு, அதாவது கையில் சேர்ந்த ஐந்து சீட்டுக்கு, கொஞ்சம் குறைவாகக் கொடுப்பதுதான், அதையும் திரையிலேயே எழுதிப் போட்டுவிட்டுத்தான் கொடுக்கிறது. அந்தப் பட்டியல்தான் பே டேபிள்.

ஜாக்ஸ் ஆர் பெட்டர் என்ற சாதாரண ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து சீட்டு வரும், வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை ஒருமுறை மாற்றலாம், குறைந்தது ஒரு ஜாக் ஜோடி இருந்தால் போட்ட பணம் திரும்ப வரும். ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே எண்ணில் மூன்று சீட்டு, இன்னொரு எண்ணில் இரண்டு) 9 மடங்கும் ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஒரே சின்னம்) 6 மடங்கும் கொடுத்தால் அதை 9/6 என்பார்கள். பிழையே இல்லாமல் ஆடினால் அது திருப்பித் தருவது 99.54 சதவீதம். அதே ஆட்டம், அதே சீட்டு, ஃபுல் ஹவுஸுக்கு 8, ஃப்ளஷுக்கு 5 என்று இரண்டே இரண்டு எண்ணை மாற்றி எழுதினால் 97.30 சதவீதம். உட்கார்ந்து ஆடும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இரண்டிலும் அதே சத்தம், அதே வெளிச்சம், ஒருநாள் ராத்திரி 8/5இல் ஜெயித்துவிட்டு 9/6இல் தோற்றுப் போவது சர்வ சாதாரணம்.

சரி, லக்குக்கு வருவோம். இந்த ஆட்டத்தில் லக் என்று சொல்வதில் பெரும்பகுதி ஒரே ஒரு கைதான்: ராயல் ஃப்ளஷ், அதாவது ஒரே சின்னத்தில் 10, ஜாக், ராணி, ராஜா, ஏஸ். ஐந்து நாணயம் போட்டு ஆடினால் அதற்கு 800 மடங்கு. 9/6இல் சரியாக ஆடினால் சராசரியாக 40,391 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும். மேலே சொன்ன 99.54 சதவீதத்தில் கிட்டத்தட்ட 2 சதவீதம் இந்த ஒரு கையிலிருந்துதான் வருகிறது, அதாவது ராயல் வராத நாட்களில் நீங்கள் ஆடிக்கொண்டிருப்பது 97.5 சதவீத மெஷின். ஏற்ற இறக்கத்தை அளக்கும் வேரியன்ஸ் என்ற கணக்கில் பார்த்தால் இன்னும் மோசம், மொத்த ஆட்டத்தின் வேரியன்ஸில் ஐந்தில் நாலு பங்கு ராயலுடையது.

நூறு பேர் ஆளுக்கு 40,000 சொச்சம் ஆட்டம், அதாவது சராசரியாக ஒரு ராயல் வரவேண்டிய அளவு ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்று வந்துவிடும் என்றுதானே மனசு சொல்கிறது? 37 பேருக்கு ராயல் வரவே வராது. இன்னொரு 37 பேருக்கு ஒன்று. 18 பேருக்கு இரண்டு, மிச்சம் 8 பேருக்கு மூன்றோ அதற்கு மேலோ. ஒன்று வந்தவர் சராசரியாக 184 பந்தயம் நஷ்டத்தில் இருப்பார். ஒன்றும் வராதவர் ஆயிரம் பந்தயத்துக்குக் கொஞ்சம் குறைவாக இழந்திருப்பார். இரண்டு வந்தவர் 600 பந்தயத்துக்கு மேல் லாபத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்த மெஷின் தனக்கு ராசியான மெஷின் என்று நம்ப ஆரம்பித்திருப்பார். இவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆடினார்கள், திறமையில் தம்மாத்துண்டு வித்தியாசம் கிடையாது. எல்லாரையும் கூட்டிப் பார்த்தால் அந்தக் கட்டத்தில் நூறில் 37 பேர் போல லாபத்தில் இருப்பார்கள். ஆக, 40,000 ஆட்டம் என்பது இந்த மெஷினுக்கு நீண்ட காலமே இல்லை. அதுவரை லக் தாராளமாகக் கணக்கை ஜெயிக்கிறது.

பிறகு என்ன ஆகிறது? ஆட்டம் நூறு மடங்கானால் காசினோவின் பங்கும் நூறு மடங்காகிறது, லக் ஆடும் ஆட்டமோ பத்து மடங்குதான் பெருகுகிறது, ஏனென்றால் ஏற்ற இறக்கம் ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடுதான் வளரும். ஒன்று நேராக ஏறும் கோடு, மற்றொன்று போகப் போகச் சாய்ந்து படுக்கும் கோடு. இரண்டும் ஓர் இடத்தில் வெட்டிக்கொண்டே ஆக வேண்டும். அந்த இடத்தைத்தான் நான் லக்கின் ஆயுள் என்று சொல்கிறேன். எதிர்பார்க்கும் நஷ்டமும் ஒரு ஸ்டாண்டர்ட் டீவியேஷனும் (வேரியன்ஸின் வர்க்கமூலம், வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவு) சமமாகும் புள்ளி. அங்கே ஆறு பேரில் ஒருவர்தான் இன்னும் லாபத்தில் இருப்பார். அதைப்போல் நாலு மடங்கு ஆடினால் நாற்பது சொச்சம் பேரில் ஒருவர். ஒன்பது மடங்கு ஆடினால் ஆயிரத்தில் ஒருவரோ இருவரோதான்.

இப்போது எண்கள். 9/6இல் அந்தப் புள்ளி ஏறக்குறைய 9,38,000 ஆட்டத்தில் வருகிறது. மணிக்கு 600 ஆட்டம் என்ற வேகத்தில் 1,560 மணி நேரம். வாரம் நாலு மணி நேரம் ஆடுகிறவருக்கு ஏழரை வருஷம். ஏழரை வருஷம் ஆடிய பிறகும் ஆறில் ஒருவர் "நான் மொத்தத்தில் லாபத்தில்தான் இருக்கிறேன்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு ரகசிய உத்தி எதுவும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

8/5இல் அதே புள்ளி 26,000 சொச்சம் ஆட்டத்திலேயே வந்துவிடுகிறது. 44 மணி நேரம். அதே வாரம் நாலு மணி நேர ஆளுக்குப் பதினோரு வாரம். திரும்பப் படித்துப் பாருங்கள், ஏழரை வருஷம் எங்கே, பதினோரு வாரம் எங்கே. ஃபுல் ஹவுஸில் ஒன்று, ஃப்ளஷில் ஒன்று குறைத்ததற்கு இத்தனை வித்தியாசம். காசினோவின் பங்கு ஆறு மடங்காகும்போது லக்கின் ஆயுள் முப்பத்தைந்தில் ஒன்றாகச் சுருங்குகிறது, இங்கேயும் வர்க்கம்தான் வேலை செய்கிறது. இதில் இன்னொரு கொடுமை, அந்த 26,000 ஆட்டத்துக்குள் ஒரு ராயல் வந்துவிட்டாலும் சராசரியாக 440 பந்தயம் நஷ்டத்தில்தான் இருப்பீர்கள். மேலே வர இரண்டு ராயல் வேண்டும். பெரிய லக் அடித்தும் தோற்றுப்போவது என்றால் இதுதான்.

அதனால்தான் லக்கைப் பற்றிப் பேசுபவர்கள் பே டேபிளைப் பற்றிப் பேசாமல் இருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். எந்த நேரத்தில் உட்கார வேண்டும், எந்த மூலையில் இருக்கும் மெஷின் நல்லது, பட்டனைத் தட்டுவதா திரையைத் தொடுவதா என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுவார்கள். உங்கள் லக் எத்தனை நாள் தாங்கும் என்று தீர்மானிக்கும் இரண்டு எண்கள் கண் முன்னால் எரிந்துகொண்டிருக்கும், அதைப் படிக்க மாட்டார்கள்.

"இத்தனை ஆட்டம் ஆடிவிட்டேன், இனி வந்தே தீரும்" என்பது வேறொரு தப்பான நம்பிக்கை. ஒரு லட்சம் ஆட்டம் ஆடியும் ஒரு ராயல்கூடப் பார்க்காதவர்கள் நூறில் எட்டுப் பேர் இருப்பார்கள். அவர்களுடைய அடுத்த ஆட்டத்தில் ராயல் வரும் வாய்ப்பு, நேற்று ராயல் வாங்கியவருக்கு இருக்கும் அதே 40,391இல் ஒன்றுதான். சீட்டுக்கட்டுக்கு யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியாது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று பந்தயத்தை ஏற்றுபவர்கள் இந்த நம்பிக்கையில்தான் ஏற்றுகிறார்கள். லாபத்தில் இருக்கும்போதே எழுந்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்பதும் பாதிதான் சரி. அன்றைக்கு ராத்திரிக்கு அது உண்மை. அடுத்த வாரம் திரும்ப வந்து உட்கார்ந்தால் கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும், நடுவில் வீட்டுக்குப் போய்த் தூங்கியது அதற்குத் தெரியாது. எழுந்து போனவர் திரும்ப வரவே இல்லை என்றால்தான் அந்த உத்தி வேலை செய்யும், அப்படிப்பட்டவர்கள் உண்மையிலேயே ஜெயித்தவர்கள், ஆனால் வீடியோ போக்கர் ஆடுபவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது.

மறுபக்கமும் இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 2ஆம் எண் சீட்டை எந்தச் சீட்டாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய டியூசஸ் வைல்ட் ஆட்டத்தில் ஃபுல் பே என்று ஒரு பே டேபிள் உண்டு, இப்போதெல்லாம் கண்ணில் படுவதே அரிது. சரியாக ஆடினால் 100.76 சதவீதம், அதாவது காசினோவுக்கு நஷ்டம், ஆடுபவருக்குத்தான் சாதகம். அப்படியானால் அதில் உட்கார்ந்தவர் எல்லாரும் ஜெயிக்க வேண்டுமே? சுமார் 4,45,000 ஆட்டம் முடிந்த பிறகும் அங்கே ஆறில் ஒருவர் நஷ்டத்தில் இருப்பார். எழுநூறு மணி நேரத்துக்கு மேல் பிழையே செய்யாமல், கணக்கு தன் பக்கம் இருக்க, தோற்றுக்கொண்டிருக்கும் மனிதரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் போய் "கடைசியில் கணக்குதான் ஜெயிக்கும்" என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கையிருப்பு தீர்ந்துபோனால் அவருக்கு அந்தக் கடைசி வரவே வராது.

மேலே சொன்ன எல்லா எண்ணும் பிழையில்லாமல் ஆடுபவருக்கு. நிஜத்தில் யார் அப்படி ஆடுகிறார்கள்? உதாரணத்துக்கு, கலப்புச் சின்னத்தில் 5, 5, 6, 7, 8 வந்தால் பலர் ஒரு 5ஐ எறிந்துவிட்டு ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து எண்) போவார்கள், 47 சீட்டில் எட்டு சீட்டு உதவும் என்பதால் ஆசையாக இருக்கும். அதன் மதிப்பு ஒரு பந்தயத்துக்கு 0.68. சின்ன ஜோடியை வைத்துக்கொண்டு மூன்றை மாற்றினால் 0.82. இதைவிடக் கஷ்டமானது, ஒரே சின்னத்தில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக், கூடவே 7 வந்து கைக்கு வந்த ஃப்ளஷாக நிற்கும்போது அந்த 7ஐ எறிவது. கையில் உறுதியாக 6 பந்தயம் இருக்கிறது. எறிந்தால் 47 சீட்டில் 24 சீட்டு ஒன்றுமே தராது, பாதிக்கு மேல் தடவை வெறுங்கை. ஆனாலும் சராசரி மதிப்பு 18.4. எறியத்தான் வேண்டும். மனசு கேட்காது, அது வேறு விஷயம். இப்படிச் சின்னச் சின்னதாக விடுவதெல்லாம் சேர்ந்து ஒன்றரை, இரண்டு சதவீதம் ஆகிவிட்டால், நீங்கள் தேடிப்பிடித்த 9/6 உங்கள் கையிலேயே ஒரு 8/5க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

மெஷினை நிஜமாகவே அடித்தவர்கள் கதையும் உண்டு, ஆனால் அதில் லக் இல்லை. 2009இல் கேம் கிங் என்ற பிரபலமான மெஷினின் மென்பொருளில் ஒரு கோளாறை ஒருவர் கண்டுபிடித்தார். சின்னத் தொகைக்கு ஆடி ஜெயித்த கையைப் பெரிய தொகைக்கு மாற்றி மறுபடி வாங்கிக்கொள்ள முடிந்தது. கைது, மத்திய அரசு வழக்கு என்றெல்லாம் போய், 2013இல் அவர்மீதான வழக்கு கைவிடப்பட்டது. அந்தப் பணம் சீட்டிலிருந்து வரவில்லை, பட்டன்களிலிருந்து வந்தது.

கடைசியாக ஒன்று, ஐந்து நாணயத்துக்குப் பதில் ஒன்றே ஒன்று போட்டு ஆடும் பழக்கம். பணம் மெதுவாகப் போகும் என்ற எண்ணத்தில் நிறையப் பேர் செய்வது. ஒரு நாணயத்துக்கு ராயல் 800 மடங்கு கிடையாது, 250தான். 9/6 அப்போது 98.37 சதவீதமாக இறங்குகிறது, ஏற்ற இறக்கமும் சுருங்கிவிடுவதால் லக்கின் ஆயுள் இருபதாயிரம் ஆட்டத்துக்கு அருகில் வந்துவிடும். 8/5இல் ஐந்து நாணயம் போட்டு ஆடுபவருக்கு இருப்பதைவிடக் குறைவு. ஐந்து நாணயம் கட்டுப்படியாகவில்லை என்றால் அதைவிடச் சின்ன நாணயத்தில் ஓடும் 9/6 மெஷின் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் அன்றைக்கு ஆடாமல் விடலாம்.