தாமிரபரணிக்கு ஏன் மண்டபம் இல்லை?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 அன்று திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் காவல் துறை கட்சிகளுக்கும் இயக்கங்களுக்கும் நேரம் பிரித்துக் கொடுக்கிறது. ஓர் அமைப்பினர் ஆற்றில் மலர் தூவி, முழக்கமிட்டு, கரையேறிய பின்னரே அடுத்த அமைப்பினர் தடுப்புக் கம்பிகளைக் கடந்து படித்துறைக்கு விடப்படுகிறார்கள். 1999-இல் அந்த இடத்தில் 17 பேர் இறந்ததன் நினைவாக அரசுத் தரப்பில் நடப்பதென்று பார்த்தால் அந்தப் பந்தோபஸ்து மட்டும்தான்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடியதும், அவர்களில் 650-க்கும் மேற்பட்டோர் திருச்சி சிறையில் அடைக்கப்பட்டதும், அவர்களை விடுவிக்கக் கோரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் பல கட்சியினர் சேர்ந்து ஊர்வலம் சென்றதும் அனைவரும் அறிந்தவை. அந்த இடத்தின் அமைப்பை நேரில் பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்தது எளிதில் விளங்கும். ஒரு பக்கம் சாலையும் ஆட்சியர் அலுவலகமும், மறு பக்கம் ஆறு. சாலையில் தடியடி தொடங்கினால் கூட்டம் ஓடுவதற்கு ஆற்றைத் தவிர வேறு வழியில்லை. ஆற்றில் இறங்கியவர்களையும் காவலர்கள் விரட்டி அடித்ததையும், தண்ணீரில் தத்தளித்தவர்கள் மீது கல்லெறிந்ததையும் அன்று எடுக்கப்பட்ட படங்கள் காட்டுகின்றன. இறந்தவர்களில் பெண்களும், தாயோடு வந்த ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு.

அப்போது ஆட்சியில் இருந்தது தி.மு.க. அந்த அரசு அமைத்த நீதிபதி மோகன் ஆணையம், காவல் துறையின் நடவடிக்கை நியாயமானதே என்ற முடிவுக்கு வந்தது. அறிக்கையின்படி பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தவர்கள். அவர்கள் ஏன் நீரில் இறங்கினார்கள் என்பதற்கு யாரையும் பொறுப்பாக்காமலேயே அந்தக் கோப்பு மூடப்பட்டது.

தமிழ்நாட்டு அரசுகளுக்கு நினைவாற்றல் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1965-இல் காங்கிரஸ் ஆட்சியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூடுகளில் அரசுக் கணக்குப்படியே ஏறத்தாழ 70 பேர் இறந்தார்கள். இரண்டு திராவிடக் கட்சிகளும் இன்றுவரை ஜனவரி 25-ஐ மொழிப்போர் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கின்றன. (தீக்குளித்தவர்களின் பெயர்கள் மேடைதோறும் ஒலிக்கும் அளவுக்குக் குண்டடிபட்டவர்களின் பெயர்கள் ஒலிப்பதில்லை என்பது தனியாக எழுத வேண்டிய செய்தி.) 1987-இல் அ.தி.மு.க. ஆட்சியில் இட ஒதுக்கீடு கேட்டு நடந்த வன்னியர் சங்கச் சாலை மறியலில் உயிரிழந்த 21 பேருக்கு விழுப்புரத்தில் எழுப்பப்பட்ட மணிமண்டபத்தை 2025 ஜனவரியில் தி.மு.க. அரசு திறந்து வைத்தது. 2018-இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தை அமைத்தது அ.தி.மு.க. அரசு, 2022-இல் இறுதி அறிக்கையைப் பெற்றுச் சட்டமன்றத்தில் வைத்தது தி.மு.க. அரசு. துப்பாக்கிச் சூட்டுக்கு அவசியமே இருக்கவில்லை என்றும், 17 காவல் அதிகாரிகள் மீது நடவடிக்கை வேண்டும் என்றும் அந்த அறிக்கை சொன்னது.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எதிர்க்கட்சி ஆண்டபோது சிந்திய இரத்தத்துக்கு மண்டபமும், தன் ஆட்சியில் சிந்தியதற்கு ஆணையமும் என்ற ஏற்பாடு புலப்படும். ஆனால் இதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. 2011-இல் அ.தி.மு.க. ஆட்சியில் பரமக்குடியில் தலித் மக்கள் சுடப்பட்டார்கள். சம்பத் ஆணையம் அதையும் நியாயப்படுத்தியது. பத்தாண்டுகளுக்குப் பின் ஆட்சி மாறியபோதும் அவர்களுக்கு மண்டபம் எழவில்லை. மாஞ்சோலைத் தொழிலாளர்களிலும் பெரும்பான்மையினர் தலித்துகளே. இறந்தவர்களின் சாதிக்குத் தேர்தலில் என்ன எடை என்பதையும் அரசுகள் கணக்கில் கொள்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்ட அந்தத் தோட்டத்தின் காலக்கெடு 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-இல், விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்கள் மலையிறங்கச் சொல்லப்பட்டார்கள். நடந்ததை வாய்மொழியாகச் சொல்லிவந்த குடும்பங்கள் இப்போது சமவெளியில் ஊருக்கொன்றாகச் சிதறுகின்றன.

கொக்கிரகுளத்தில் நினைவுத்தூண் வேண்டும் என்ற கோரிக்கை பழையது, நியாயமானதும்கூட. ஆனால் அந்தத் தூணில் என்ன பொறிப்பார்கள்? விழுப்புரத்தில் எழுதுவது எளிது, ஏனெனில் குற்றம் வேறொருவருடைய ஆட்சிக்குரியது. இங்கே அரசின் ஆவணப்படி காவல் துறை தவறேதும் செய்யவில்லை. அந்த ஆவணம் நிற்கும்வரை ‘ஆற்றில் மூழ்கி இறந்தோர் நினைவாக’ என்று வெள்ளத்தில் போனவர்களுக்கு எழுதுவதுபோல எழுதிவிட்டுப் போவார்கள். ஆகவே தூணைக் கேட்பதற்கு முன், மோகன் ஆணையத்தின் முடிவை ஏற்கவில்லை என்று சட்டமன்றத்தில் அரசு அறிவிக்க வேண்டும் எனக் கேட்பதே சரி.