ஆறாவது ரொட்டி, அக்னி நட்சத்திரம், 39 கிராம் ஐஸ்

வீட்டு ஓவனில் சுட்ட ஆறாவது ரொட்டி தப்பித்துவிட்டது. மூடி போட்ட டின்னில், பக்கம் உள்வாங்காமல், உச்சியில் பொந்து விழாமல், அடி வரை ஒரே நிறத்தில் வந்திருக்கிறது. முதல் ஐந்தும் போனதற்குப் பெரும்பாலும் காரணம் சூடு. ஓவன் சூட்டைச் சொல்லவில்லை, பிசைந்த மாவின் சூடு. பாளையங்கோட்டையில் அக்னி நட்சத்திரத்தில் அடுப்படி 33 டிகிரி, மைதா டப்பா 32, மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீர் 38. செய்முறை எழுதுகிறவர்கள் எல்லாரும் "வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்டைக் கரைத்து" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது குளிர் ஊர்க்காரர்களுக்கான வரி. நமக்குக் குழாயைத் திறந்தாலே வெதுவெதுப்புதான்.

போட்டி தெருமுனை பேக்கரியின் பால் ரொட்டியோடு. சாயங்காலம் நாலு, நாலரைக்கு டின் இறங்கும்போது போனால் சூடாகக் கிடைக்கும், ஆனால் அந்நேரம் வெட்டித் தரச் சொல்லக் கூடாது. மெஷினில் கொடுத்தால் உள்ளே இன்னும் ஈரமாக இருக்கிற மாவு பிளேடில் அப்பி, துண்டெல்லாம் கசங்கிவிடும். முழுசாக வாங்கி வந்து, ஆறியபின் பக்கச் சுவரைப் பார்க்கணும். டின்னும் டின்னும் ஒட்டி நின்ற இடம் வெளிறியும், வெளிப்பக்கம் செம்பழுப்பாகவும் இருந்தால் ஓவனை நெருக்கி நிரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நடுவில் ஒரு துண்டைக் கிள்ளி உருட்டினால் களி மாதிரி ஒட்டக் கூடாது, விரலை எடுத்ததும் மெதுவாகத் திரும்பி எழும்பணும். அந்த எழும்பல்தான் எனக்கு வேண்டியது.

அளவு, எல்லாம் கிராமில், தண்ணீர் உட்பட தராசில்: மைதா 300, தண்ணீர் 180, சீனி 21, வெண்ணெய் 18, பால் பவுடர் 12, உப்பு 5.5, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3. கூட்டினால் 540க்கு அரை கிராம் குறையும். டின் 8×4×4 அங்குலம், கொள்ளளவு சுமார் 2,100 மில்லி. மூடி ரொட்டிக்கு அதை 3.9ஆல் வகுத்தால் டின்னுக்கு வேண்டிய மாவின் எடை 538 கிராம், ஆக மாவு சரியாக உட்காருகிறது. 4.5ஆல் வகுத்துப் போட்ட ரொட்டி மூடியைத் தொடவே இல்லை. 3.4ஆல் வகுத்தது மூடியை முட்டி, நெருங்கி, அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கட்டிப் பட்டையாகிவிட்டது. உப்பு தூத்துக்குடிக் கல்லுப்பு என்றால் தண்ணீரில் முன்னமே கரைத்துவிடணும். இவ்வளவு குறைந்த தண்ணீரில் கல் தானாகக் கரையாது, கடிபடும்.

இனி ஐஸ் கணக்கு. பிசைந்து முடிக்கும்போது மாவின் நடுச்சூடு 26 டிகிரியில் நிற்கணும். 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் மைதாச் சூடு, அறைச் சூடு, பிசைவதால் ஏறுகிற சூடு மூன்றையும் கழித்தால் மிஞ்சுவதுதான் தண்ணீருக்கு வேண்டிய சூடு. 78 − 32 − 33 − 5 = 8. கையால் பிசைவதற்கு 5 என்பது இந்த மேடைக்கும் இந்தக் கைக்கும் வந்த எண். ஒரு தடவை பிசைந்து, தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து, பின்னாலிருந்து கணக்குப் போட்டு உங்கள் எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். மெஷினில் பிசைந்தால் அது 12 வரை போகும். அப்போது தண்ணீர் 1 டிகிரியில் வேண்டும் என்று கணக்கு சொல்லும், அது தொல்லை. அதற்குப் பதில் மைதாவை முந்தின ராத்திரியே மூடிய டப்பாவில் பிரிட்ஜில் வைத்துவிட்டால் போதும். மைதா 10 டிகிரியில் இருந்தால் 78 − 10 − 33 − 12 = 23. இரண்டு ஐஸ்கட்டியோடு முடிந்தது. டப்பா மூடியிருக்கணும் என்பது முக்கியம், திறந்து வைத்த மைதா ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டிவிடும்.

எவ்வளவு ஐஸ் என்பதைக் கண்ணளவில் போட்டுத்தான் மூன்றாவது ரொட்டி கெட்டது. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி இழுக்கும், அதை வைத்துக் கணக்கு: மொத்தத் தண்ணீர் × (இருக்கிற சூடு − வேண்டிய சூடு) ÷ (80 + இருக்கிற சூடு). காலையில் பிடித்து வைத்த தண்ணீர் 32 டிகிரி. 180 × 24 ÷ 112 = 38.6. ஆகவே 39 கிராம் ஐஸ், 141 கிராம் தண்ணீர். மத்தியானத் தொட்டித் தண்ணீர் என்றால் 46 கிராம் ஐஸ் ஆகும். காருகுறிச்சி மண்பானைத் தண்ணீர் 27 டிகிரியில் நிற்கிறது, அதற்கு 32 கிராம் போதும். ஐஸும் அந்த 180க்குள் அடக்கம். தண்ணீருக்கு மேல் கூடுதலாக ஐஸ் போட்டால் மாவு கூழாகிவிடும், அதுதான் மூன்றாவது.

நாலாவதில் ஐஸ்கட்டியை அப்படியே மாவுக்குள் போட்டாயிற்று. ஆறு நிமிஷம் வரை கட்டி கரையவில்லை. அதுவரை மாவு வறண்டு நிற்க, அவசரப்பட்டு 15 கிராம் தண்ணீர் கூட விட, எட்டாவது நிமிஷம் எல்லாக் கட்டியும் சேர்ந்து உருக, மாவு கையோடு வழிந்தது. ஐஸ் தண்ணீரில் முழுக்கக் கரைந்து, தெர்மாமீட்டர் 8 காட்டியபின்தான் மாவில் விடணும். இன்னொன்று, குளிர்ந்த தண்ணீர் நேரடியாக ஈஸ்ட் மேல் விழக் கூடாது. காய்ந்த ஈஸ்ட் குளிர்த் தண்ணீரில் ஊறினால் அதன் உள்ளே இருக்கிற குளூட்டதயோன் என்கிற பொருள் வெளியே கசிந்து மாவை நெகிழ்த்திவிடும். ஈஸ்டை மைதாவில் நன்றாகக் கலந்துவிட்டு, பிறகு தண்ணீர்.

சூடான மாவில் என்ன கெடுகிறது என்பதைக் கையிலேயே உணரலாம். 32 டிகிரி மாவு பத்தாவது நிமிஷம் பளபளவென்று பட்டாக இருக்கும். "ஆஹா" என்று நினைத்துப் பிசைவதைத் தொடர்ந்தால், பன்னிரண்டாவது நிமிஷம் மேலே வேர்த்த மாதிரி ஒரு எண்ணெய்ப் படலம் வரும். அது வெண்ணெய். வெண்ணெய் 32, 35 டிகிரியில் உருகிவிடும். மாவுக்குள் இழையாமல் வெளியே கசிந்து, மாவின் பசைச் சவ்வு வழுக்கிக் கிழியும். அதிலிருந்து மீட்சி கிடையாது. பேக்கரிகளில் டால்டா போடுவதற்கு விலை மட்டும் காரணமில்லை. வனஸ்பதியின் உருகுநிலை 41 டிகிரி வரை இருக்கலாம், அதனால் நம் ஊர் வெயிலிலும் கட்டியாக நிற்கும். வெண்ணெய்தான் என்று பிடிவாதமாக இருந்தால் பிரிட்ஜிலிருந்து எடுத்துச் சீவி, எட்டாவது நிமிஷத்துக்கு மேல் இரண்டு தவணையாகச் சேர்க்கணும்.

சூட்டு மாவு அரைமணி நேரத்தில் இரண்டு மடங்காகப் பொங்கும். சந்தோஷப்பட வேண்டாம். சீனியை ஈஸ்ட் தின்று தீர்த்திருக்கும், மேல்தோல் சிவக்காது, வாசனையில் புளிப்பு தூக்கும், உள்ளே பெரிய பெரிய கண்ணாக விழும். 26இல் முடிந்த மாவு இதே அடுப்படியில் 65 நிமிஷம் எடுத்தது. காற்று நின்ற நாள் அது. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது சூடு குறைந்தாலும் மாவு மேலே தோல் கட்டிவிடும், ஈரத்துணியைப் பிழிந்து மூடாமல் விடக் கூடாது.

மைதாவைப் பற்றி ஒரு பக்கவாட்டுப் பேச்சு. நம் ஊர் அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டி, பாலைப் பிழிந்து எடுத்துவிட்டுச் சக்கையை ஒதுக்குவார்கள். அந்தச் சக்கையில் கிடக்கிற பசைதான் (குளூட்டன்) ரொட்டிக்கு உயிர், பால் அல்வாவுக்கு. அதே வேலையைச் சின்ன அளவில் செய்தால் மைதாவின் தரம் தெரிந்துவிடும். 50 கிராம் மைதா, 30 கிராம் தண்ணீர், உருட்டி அரைமணி மூடி வைத்து, பிறகு ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் பிசைந்து கழுவணும். பால் போல வெளுப்பது நின்று தண்ணீர் தெளியும் வரை நாலைந்து தடவை தண்ணீர் மாற்றணும். கையில் கடைசியாகச் சாம்பல் நிறத்தில் சூயிங்கம் மாதிரி ஒரு உருண்டை மிஞ்சும். பிழிந்து எடை போட்டால், பரோட்டாக் கடைக்குப் போகிற சில்லறை மைதாவில் 12 கிராம், இன்னொரு மூட்டை மைதாவில் 15 கிராம். ஈரப்பசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காய்ந்த பசை, ஆக 8 சதவீதமும் 10 சதவீதமும். சட்டப்படி மைதாவுக்கு 7.5 சதவீதம் இருந்தாலே போதும், அதனால் 12 கிராம்காரரையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் மைதா பரோட்டாவுக்கு அருமை. ரொட்டிக்கு 15 கிராம்தான். மளிகைக் கடையில் மூட்டை மாறும்போதெல்லாம் கழுவிப் பார்ப்பதாக இருக்கிறேன்.

ஈஸ்டுக்கு அரைக் கிலோ பாக்கெட்டை வாங்கி வீட்டில் ஆறு மாசம் வைத்துக்கொண்டு அழுவதைவிட, பேக்கரியில் கூட்டமில்லாத முற்பகலில் போய் "அண்ணாச்சி, பச்சை ஈஸ்ட் ஒரு அம்பது கிராம் கிடைக்குமா" என்று கேட்கலாம். மாஸ்டர் நல்ல மனநிலையில் இருந்தால் கிடைக்கும். இன்ஸ்டன்ட் 3 கிராமுக்குப் பச்சை 9 கிராம். பிரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். பழுப்பேறி, ஓரம் குழைந்திருந்தால் தூக்கிப் போடணும்.

ரொட்டி உயரத்துக்கு முன்பு போட்டுவந்த பொட்டாசியம் புரோமேட் 2016இல் இந்தியாவில் தடையாகிவிட்டது. வீட்டில் அந்த வேலைக்கு வைட்டமின் சி. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, அதில் இரண்டரை மில்லி எடுத்தால் 300 கிராம் மைதாவுக்குச் சரியான அளவு. ஆறாவதில் இதைப் போடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ஏழாவதில் போடணும்.

வடிவம் எல்லாருக்கும் தெரிந்தது, மாவை மூன்றாகப் பிரித்துச் சுருட்டி டின்னில் வைப்பது. இரண்டாம் பொங்கலை டின்னின் உயரத்தில் 80, 85 சதவீதத்தில் நிறுத்தி மூடியைத் தள்ளணும். இந்தச் சூட்டில் 40 நிமிஷத்தில் வந்துவிடுகிறது, முப்பதிலிருந்தே எட்டிப் பார்க்கணும். தாமதித்தால் மூலை கத்தி மாதிரி கூர்மையாகி, தோல் தடித்துவிடும். மூலை லேசாக உருண்டு நின்றால் அளவு சரி.

ஓவன் விஷயத்தில் ஒரு வயிற்றெரிச்சல். ஓடிஜி (வீட்டு மின்சார ஓவன்) திருகில் 190 வைத்தால் உள்ளே தொங்கவிட்ட தெர்மாமீட்டர் 168 காட்டுகிறது. திருகைத் திட்டிப் பயனில்லை, 215இல் வைத்தால் 190 கிடைக்கிறது. அதைவிட மோசம் சாயங்கால வோல்டேஜ். கம்பியின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு போவது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் சூடு முக்கால் பங்குதான். ஐந்தாவது ரொட்டி ஏழு மணிக்கு ஏறி, 50 நிமிஷமாகியும் நடுவில் 84 டிகிரியைத் தாண்டவில்லை. ஆறியதும் இரண்டு பக்கமும் இடுப்பு ஒடுங்கிவிட்டது. ஆறாவது மத்தியானம் இரண்டு மணிக்கு, மேல் கீழ் இரண்டு கம்பியும், 34 நிமிஷம், நடுச்சூடு 95. வெளியே எடுத்ததும் டின்னோடு ஒரு சாண் உயரத்திலிருந்து மேடையில் "டொக்"கென்று போட்டு, உடனே கவிழ்த்தாயிற்று. உள்ளே அடைபட்ட நீராவி அந்த அதிர்ச்சியில் வெளியேறாவிட்டால் சுவர் உள்வாங்கும். இதைச் செய்யாமல் விட்டதால்தான் இரண்டாவது ரொட்டி குழிந்தது என்று இப்போது சந்தேகம்.

கடை ரொட்டி நாலு நாள் நிற்பது கால்சியம் புரோப்பியோனேட் புண்ணியம். அது இல்லாத ரொட்டியில் இந்தப் புழுக்கத்தில் மூன்றாம் நாள் பூஞ்சை. அதைவிடப் பயப்பட வேண்டியது நூல் விடுவது: வெளியே நன்றாக இருக்கும், பிட்டால் உள்ளே பிசுபிசுத்து நூலாக இழுக்கும், அழுகின அன்னாசி வாசனை அடிக்கும். வெயில் காலத்து பாக்டீரியா, அதன் வித்து ஓவன் சூட்டிலும் சாகாது. மாவில் 3 கிராம் வினிகர் விட்டால் தள்ளிப் போகும். வெளியே வைக்கப் பயந்து பிரிட்ஜில் வைத்தால் ஒரே நாளில் விறைத்துவிடும், ரொட்டி மாவுச்சத்து அந்தக் குளிரில்தான் வேகமாக இறுகும். வெட்டி, பிரீசரில் வைத்து, தோசைக்கல்லில் நேராகப் போடலாம்.

அடுத்தது உடன்குடிக் கருப்பட்டி பன். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள், அதன் மிச்சம் கருப்பட்டியிலும் இருக்கும். கரைத்துத் தெளியவிட்டால் அடியில் மண்டி நிற்கிறது. அந்தச் சுண்ணாம்பு ஈஸ்டை எவ்வளவு மந்தமாக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்கணும். சின்னதாக இரண்டு கிண்ணம்: ஒன்றில் வடிகட்டியது, ஒன்றில் வடிகட்டாதது, தலா 50 கிராம் மைதா. தண்ணீர் மைதாவின் எடையில் 60 சதவீதம், கருப்பட்டிப் பாகில் இருக்கிற தண்ணீரையும் அதற்குள் கழித்துக்கொள்ளணும், ஐஸ் கணக்கையும் அதற்கேற்ப மாற்றணும். பாகை ஆறவைத்துப் பிரிட்ஜில் போட்டால் ஐஸே தேவைப்படாமல் போகலாம்.

ஆறாவது இன்னும் கம்பி வலை மேல்தான் இருக்கிறது. எடுத்து ஒன்றேகால் மணி நேரம், நடுவில் 43 டிகிரி. 35க்கு இறங்காமல் கத்தி வைப்பதாக இல்லை.