தொடக்க பரோக் கேள்வியா? பக்கத்தின் அடிவரியைப் பாருங்கள்

முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். மேற்கத்திய இசை வரலாற்றுத் தாளில் எல்லோரும் அஞ்சும் தொடக்க பரோக் (ஏறத்தாழ 1600 முதல் 1650 வரையிலான ஐரோப்பிய இசை) தேவாலயப் பகுதிதான் எனக்குக் கைகொடுத்தது. பயிற்சி வகுப்பில் தந்த குறிப்பேடு முழுக்க ஆண்டுகளும் பெயர்களும்தான். அதை மட்டும் நம்பியிருந்தால் இந்நேரம் மறுதேர்வுக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பேன்.

தேர்வில் பெயர் மறைத்த ஸ்கோர் (எல்லாக் குரல், கருவிகளின் இசைக்குறிப்பு) பக்கம் வந்ததும் நான் குரல் வரிகளைத் தொடவில்லை. ஆர்கனுக்கான பாஸ் வரியைத்தான் முதலில் பார்த்தேன். அந்தந்த இடத்தில் ஒலிக்கும் மிகத் தாழ்ந்த குரலையே அது நிழலாகத் தொடர்ந்தால் பாஸோ செகுவென்ட்டே. பாட்டு பெரும்பாலும் பல குரல்கள் சமமாகப் பின்னிச் செல்லும் பழைய பாணியில் இருக்கும். தன் போக்கில் நடந்து, மேலே ஒரே ஒரு குரல் பாடினாலும் தாங்கிப் பிடித்தால் அதுதான் கண்டினுவோ. ஆள் குறைந்த பாடகர் குழுக்கள் ஐந்து குரல் பாடலில் இரண்டை மட்டும் பாடி ஒப்பேற்றிய காலத்தில், இத்தாலிய இசையமைப்பாளர் வியதானா 1602இல் ஒன்று முதல் நான்கு குரல்களுக்கென்றே, கண்டினுவோவின் துணையோடு தொகுப்பு வெளியிட்டார். காரணத்தோடு எழுதினால் மதிப்பெண் உண்டு.

ஆண்டு மட்டும் ஏன் போதாது? மான்டெவெர்டியின் 1610 தொகுப்பைப் பாருங்கள். முந்தைய தலைமுறை இசையமைப்பாளர் கோம்பெர்ட்டின் மோட்டெட்டை (லத்தீன் பக்திப் பாடல்) வைத்துப் பழைய பாணியில் இழைத்த ஆறு குரல் மிஸ்ஸாவும் (திருப்பலி இசை), புதுப் பாணி வெஸ்பர்ஸும் (மாலை வழிபாட்டு இசை) ஒரே அச்சில் இருக்கின்றன.

காது கூர்மையானவர்களுக்கு இந்த வழி வேண்டியதில்லை. எனக்குக் கண்ணில் பட்டால்தான் மனதில் நிற்கும்.

மறக்கக் கூடாதவை:

- காப்ரியேலியின் ‘இன் எக்லேசியிஸ்’: அச்சு 1615, ஆனால் அவர் இறந்தது 1612. 1615இல் இயற்றினார் என்று எழுதிவிடாதீர்கள்.
- கரிசிமியின் ‘யெஃப்தே’: கடைசிக் கோரஸ், ஆறு குரல்.
- அல்லெக்ரியின் ‘மிஸரேரே’: இரண்டு பாடகர் குழுக்கள். இதற்கு மேல் நான் படிக்கவில்லை, கேட்கவும் இல்லை.

கட்டுரைக்கு ஜெர்மானிய இசையமைப்பாளர் ஷூட்ஸை எடுங்கள், தயங்காதீர்கள். வெனிஸில் காப்ரியேலியிடம் கற்றவர். 1619இல் ‘தாவீதின் சங்கீதங்க’ளில் பல பாடகர் குழுக்களையும் கருவிகளையும் தாராளமாகப் பயன்படுத்தினார். முப்பதாண்டுப் போர் டிரெஸ்டன் அரண்மனை இசைக்குழுவை உலுக்கியபின், 1636, 1639 ஆண்டுகளில் அவர் வெளியிட்ட ‘சிறு திருக்கச்சேரிகள்’ என்ற தேவாலயப் பாடல் தொகுப்புகளில் ஒன்று முதல் ஐந்து குரல்களும் கண்டினுவோவும் மட்டும். பாணி மாற்றத்தை வறுமையோடு இணைத்துச் சொல்ல இதைவிடத் தெளிவான சான்று பாடத்திட்டத்தில் கிடையாது. ஆனால் 1648இன் ‘கைஸ்ட்லிஹெ கோர்மூஸிக்’ (பாடகர் குழுவுக்கான தேவாலய இசை) தொகுப்பை அந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அதன் முன்னுரையில், கண்டினுவோவின் துணையின்றி எதிர்சுரம் (பல குரல் மெட்டுகளை ஒன்றோடொன்று பின்னும் முறை) எழுதிப் பழகுங்கள் என்று இளைய இசையமைப்பாளர்களை அவர் தூண்டுகிறார். எங்கள் வினாத்தாளில் வந்த பக்கம் அதிலிருந்துதான்.