சென்னையிலிருந்து வேலூருக்கு ஒரு பழைய கடல்மீன் தொட்டி

பழைய கடல்மீன் தொட்டி வாங்கும்போது கண்ணாடியைத் தட்டிப் பார்த்து விலை பேசுகிறார்கள். பேச வேண்டியது உள்ளே கிடக்கும் கல்லுக்கு. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியா குடியிருப்பது அந்தக் கல்லில்தான். அது காய்ந்துவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் கண்ணாடிப் பெட்டி.

வாங்கும் முன் இரண்டு கேள்வி. மீன் நோய்க்குக் காப்பர் (செம்பு) மருந்து எப்போதாவது போட்டார்களா? போட்டிருந்தால் கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கக்கும். இறாலும் நத்தையும் பிழைக்காது. அடுத்தது, உள்ளே இருப்பது செராமிக் கல்லா, நிஜப் பவளமா? பாறைப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள்.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி ஏறக்குறைய 250 லிட்டர் பிடிக்கும். கல்லும் மணலும் போனால் 200. அதில் 100 லிட்டர் பழைய நீரை ஐந்து 20 லிட்டர் கேனில் கொண்டு வரலாம். மீதி 100 லிட்டர் உப்பு நீரை முந்தின நாளே வேலூரில் கலக்கி, மோட்டார் ஓடவிட்டு வையுங்கள். லிட்டருக்கு 36 கிராம் கடல்மீன் தொட்டி உப்பு (சமையல் உப்பு அல்ல), மொத்தம் 3.6 கிலோ. தண்ணீரில் உப்பைப் போடணும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும்.

நம் ஊர் போர் தண்ணீரின் உப்பைச் சொல்லத் தேவையில்லை. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் அப்படியே ஆகாது. சுவைக்காகக் கொஞ்சம் தாது விட்டு வைத்திருப்பார்கள். அந்தத் தாது அளவைக் கூட்டிக் குறைக்கும் டி.டி.எஸ். திருகை மூடி, கடைசியில் மிச்சத் தாதுவையும் பிடிக்கும் ஒரு டி.ஐ. கார்ட்ரிட்ஜ் மாட்டினால் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும்.

கல்லை மூடியுள்ள டிரம்மில், பழைய நீரில் முழுக்க மூழ்கவிட்டு, பேட்டரி ஏர் பம்ப் வைத்து ஏற்றுங்கள். அடி மணலை மட்டும் அப்படியே கொண்டு வர வேண்டாம். கிளறினால் அழுகின முட்டை நாற்றம் வருகிறதே, அந்த ஹைட்ரஜன் சல்பைடு மீனைக் கொல்லும். புது அரகோனைட் (சுண்ணாம்புச் சத்துள்ள) மணல் 20 கிலோ போட்டால் ஓரங்குலம் நிற்கும். பாலாற்று மணல் யோசனை வேண்டாம். களிமண்ணும் தொல்லை, அள்ளுவதும் வம்பு.

மீனுக்கு முதல் நாளே தீனி நிறுத்துங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி ஆக்சிஜன், தெர்மாகோல் பெட்டி. சென்னை கொளத்தூரிலிருந்து நம்ம வேலூர் வர மூன்று, நாலு மணி நேரம். கத்திரி வெயிலில் குட்டி யானை விடிவதற்குள் கிளம்பணும்.

பலர் கோட்டை விடுவது வந்து சேர்ந்த பிறகு. மூடிய பையில் மீன் விட்ட கரியமில வாயு நீரின் பி.எச்.-ஐ (அமில-கார அளவை) இறக்கி வைத்திருக்கும். அதனால் சேர்ந்த அம்மோனியாவும் அதிகம் கடிக்காது. பையைத் திறந்ததும் வாயு பறந்து, பி.எச். ஏறி, அதே அம்மோனியா நஞ்சாகிறது. அதில் ஒரு மணி நேரம் சொட்டு சொட்டாகப் புது நீர் விட்டுக்கொண்டிருப்பது மீனை விஷத்தில் ஊற வைப்பதுதான். தொட்டி நீரின் ஸ்பெசிஃபிக் கிராவிட்டியை, அதாவது உப்பின் அளவைக் காட்டும் அடர்த்தியை, முன்பே பழைய நீரின் அளவுக்கு, பெரும்பாலும் 1.025, கொண்டு வந்துவிடுங்கள். மூடிய பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பை நீர் சாக்கடைக்கு.

ஒரு வாரம் தினமும் அம்மோனியா டெஸ்ட், தீனி பாதி. 0.25 பிபிஎம் தாண்டினால் 40 லிட்டர் மாற்றுங்கள். அந்த உப்பு நீர் கலந்து தயாராக இருக்கட்டும்.

மே மாதத்தில் ஃபேன் இரண்டு மூன்று டிகிரி இறக்கும், அவ்வளவுதான். 26 டிகிரியில் நிறுத்த, நீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும்; அதன் சூட்டுக் காற்று அறைக்கு வெளியே போகணும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, குறைவதை தினமும் வெறும் ஆர்.ஓ. நீரால் நிரப்புங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட வேண்டியது நீரை அலைபோல் சுழற்றும் வேவ்மேக்கர் ஒன்றுதான். விளக்கு அணைந்தால் மீன் சாகாது.